ஒரு மீட்டர் இருபது

வால்பரைசோ நகராட்சியில்
என் வேலை அளவு நாடாவோடு.
படிக்கட்டில் படம் எடுக்க வருகிறவர்கள்
ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டரை
ஊருக்கு விட்டுவைக்க வேண்டும்.
ஒரு கர்ப்பிணி, ஒரு ஸ்ட்ரெச்சர்,
பியானோ என்றால் சற்றுச் சாய்த்து,
போக அது போதும் என்று
எனக்கு முன்னால் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இன்று காலை ஆறு முதல் பத்து வரை.
தாளில் இருப்பது:
முக்காலி இரண்டு, நடிகர்கள் நால்வர்,
காலிச் சவப்பெட்டி ஒன்று,
அடிவாரத்தில் ஜெனரேட்டர்.
கொண்டுவரும் விலங்குகளுக்குக்
கால்நடை மருத்துவர் சான்று.
ஏற்கெனவே படுத்திருக்கும் விலங்குகளைப் பற்றி
விதி வாயைத் திறக்கவில்லை.
மூன்றாம் படியில் பழுப்பு நாய்
சான்றில்லாமல் கொட்டாவி விட்டது.

காட்சி இதுதான்: அப்பாவின் பெட்டியை
நான்கு மகன்கள் பேசாமல் இறக்குகிறார்கள்.
பேசாமல் என்பதை இயக்குநர்
மூன்று முறை சொன்னார்.
முதல் டேக்கில் பள்ளிப் பிள்ளைகள் இருவர்
என் ஒரு மீட்டர் இருபதில் ஓடி இறங்கினார்கள்.
இரண்டாவதில்
மேலிருந்து டங் டங் டங்.
எலெயோதோரோ கேஸ் விற்க வருகிறார்,
ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டியபடி.

"பணம் கட்டியிருக்கிறோம், தெரு எங்களுடையது,
நிறுத்தச் சொல்லுங்கள்."
கோப்பைப் பிரித்தேன்.
படிகளைத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறோம்,
ஓசையை விடவில்லை.
எலெயோதோரோவின் உரிமம்
இவர்கள் தாளைவிடப் பதினெட்டு வருடம் மூத்தது.
இருபதாயிரம் பேசோ நீட்டினார்கள்.
அவர் நோட்டைப் பார்த்தார், மேலே வீடுகளைப் பார்த்தார்.
"எந்த வீட்டில் இன்றைக்கு அடுப்பெரிய வேண்டாம்,
அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்."
பிறகு பெட்டி கண்ணில் பட்டது.
தொப்பியைக் கழற்றினார்.
காலி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.
மகன்கள் அதைத் திரும்ப மேலே ஏற்றும் வரை
ஸ்பேனர் இடுப்பில் கிடந்தது.
அப்போது கேமரா ஓடவில்லை.

அடுத்து, துணிக்கொடி.
இரண்டாம் மாடியில் நெலிதா ஃபர்ஃபான்,
இரவு ஷிஃப்ட் முடித்து வந்த செவிலி,
சிவப்புத் துண்டை உதறிக்கொண்டிருந்தார்.
துக்கத்துக்குச் சிவப்பு ஆகாதாம்.
அவர் எடுக்கவில்லை.
லென்ஸ் வழியே பார்த்தபின் ஆகும் என்றார்கள்.
துண்டு விழுந்தால் முகமும் விழும்,
முகம் விழுந்தால் ஒப்புதல் படிவம்.
உதவிப் பெண் மூச்சிரைக்க ஏறிப் போனாள்.

மருந்துச் சீட்டு படித்த கண், வரி தப்பாது.
"என் தோற்றத்தை, நிரந்தரமாக,
இன்னும் கண்டுபிடிக்கப்படாத கருவிகளிலும்,
பிரபஞ்சம் முழுவதும்..."
ஜன்னலிலிருந்து குனிந்து என்னைக் கேட்டார்:
"ஏம்மா, பிரபஞ்சத்துக்கும் நகராட்சிதானா?"
இல்லை என்றேன். எங்கள் எல்லை
அடுத்த மலையின் தண்ணீர்த் தொட்டியோடு சரி.

பேனா வாங்கினார்.
பிரபஞ்சத்தை ஒரே கோட்டில் அடித்தார்.
மேலே பொடி எழுத்தில்: துறைமுகம் வரை.
நிரந்தரமும் போயிற்று.
துண்டு சாயம் போகும் வரை என்று எழுதி
கையெழுத்திட்டுக் கொடுத்தார்.
"எனக்குத் தூக்கம் வருகிறது."

செல்லுமா என்றாள் அந்தப் பெண்.
என் பையிலுள்ள முத்திரை தெருவுக்கு,
முகங்களுக்கு அல்ல.
ஆனாலும் ஓரத்தில் சாட்சியாக என் பெயரைப் போட்டேன்.
எந்த விதி எண் என்று கேட்காதீர்கள்.

ஒன்பது நாற்பதுக்கு
கடலிலிருந்து மூடுபனி ஏறியது.
செயற்கைப் புகைக்குத் தீயணைப்புத் துறை,
செயற்கை மழைக்குக் குடிநீர் வாரியம்,
தானாக வருவதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை.
துண்டு போயிற்று, ஜன்னல் போயிற்று,
நாயின் பின்பாதி போயிற்று.
மேலே எங்கோ மறுபடி டங் டங்.
இயக்குநர் என்னைப் பார்த்தார்
நான்தான் வரவழைத்ததைப் போல.
குனிந்து நாடாவை நீட்டினேன்.
சுவருக்கும் முக்காலிக்கும் நடுவே
ஒரு மீட்டர் பதினேழு.
"மூன்று சென்டிமீட்டர் நகர்த்துங்கள்" என்றேன்,
"இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது."